மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது

ஜனவரி 9

அன்புள்ள சுத்தியலுக்கு,

அக்கா எழுதுவது. சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை ஏணியில் நின்றபடியே பிஸ்கட் தின்று நாளை ஓட்டுகிறாயா?

உறையைப் பார்த்ததும், "இவளுக்கு என்ன ஆச்சு, போன் எதுக்கு இருக்கு?" என்று கத்தியிருப்பாய். கத்திக்கொள். எனக்குக் கையெழுத்து மறந்துகொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பதிலைக் கண்ணாடிக் கடை முகவரிக்குப் போடு. வீட்டுக்கு வரும் தபால்காரர் ஒரு நேரம் போல ஒரு நேரம் வருவதில்லை.

கடையில் லென்ஸ் ஓரம் தேய்க்கிற எந்திரத்துக்குப் புதுச் சக்கரம் வந்திருக்கிறது. பழையதைவிட அதிகமாகக் கிறீச்சிடுகிறது. நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தால் யார் பேசினாலும் காதில் விழாது. அதுவும் ஒரு வசதிதான்.

வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. எட்டு வயதுக்குக் கொஞ்சம் தாமதம்தான். சிரித்தால் வாசல் திறந்த வீடு மாதிரி இருக்கிறது.

போன விடுமுறையில் நீ மாட்டிவிட்டுப் போன காந்தப் பூட்டு நன்றாக வேலை செய்கிறது. கதவைச் சாத்தினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்கிறது. அத்தானுக்கு இப்போதுதான் நிம்மதி. கேமரா மூன்றையும் போனிலேயே பார்த்துக்கொள்கிறார். வாலுவின் கைக்கடிகாரம் எங்கே போகிறது, என் போன் எங்கே போகிறது என்று எல்லாம் அவர் போனில் தெரிகிறது. நீ ஒரே மத்தியானத்தில் செய்து கொடுத்தாய் என்று எல்லாரிடமும் சொல்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். கதவுக்கு உள்பக்கம் பச்சைப் பட்டன் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? வாலு கேட்கச் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவசரப்படாதே.

அக்கா

---

ஜனவரி 22

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். ஏணி விவகாரம் உண்மைதான். முட்டி வலிக்கிறது, வேறொன்றும் இல்லை.

கடிதம் வந்து சேரப் பத்து நாள். பத்து நாளில் நான் ஒரு கட்டடத்துக்கே பூட்டு மாட்டிவிடுவேன். அடுத்த முறை போன் பண்ணு. போன வாரம் நான் கூப்பிட்டபோது ஏன் ஸ்பீக்கரில் போட்டாய்? அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி, "எல்லாம் நல்லா இருக்கு மாப்ளே, எல்லாம் நல்லா இருக்கு" என்றார். நீ இரண்டு வார்த்தை பேசவில்லை.

பச்சைப் பட்டன் எதற்கென்று உனக்குத் தெரியும். நான் மாட்டியபோது நாலு தரம் அழுத்திப் பார்த்தாய். உள்ளே இருக்கிறவர் அழுத்தினால் காந்தம் விடும், கதவு திறக்கும். வெளியேயிருந்து வர எண் வேண்டும். உள்ளேயிருந்து போக ஒரு விரல் போதும். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. உள்ளே இருப்பவரை எந்தப் பூட்டும் தடுக்கக்கூடாது.

ஓ, ஞாபகம் வந்துவிட்டது. நவம்பரில் அத்தான் போன் பண்ணினார். "வாலு பட்டனைத் தட்டித் தட்டி மாடிப்படிக்கு ஓடுறா, என்ன பண்ணலாம் மாப்ளே?" என்றார். நான் அப்போது கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவில் தவழ்ந்துகொண்டிருந்தேன். "பின்னாடி ரெண்டு ஒயரைக் கழட்டி விடுங்க அத்தான், செத்துடும்" என்றேன். திருடன் கரண்டை வெட்டினால் என்ன செய்வது என்றும் கேட்டார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று போடச் சொன்னேன். ஒயரை மறுபடி மாட்டியிருப்பார். மாட்டவில்லையென்றால் மாட்டச் சொல். ஐந்து நிமிட வேலை.

வாலுவுக்கு முத்தம்.

தம்பி

---

பிப்ரவரி 6

அன்புள்ள சுத்தியலுக்கு,

முட்டிக்கு எண்ணெய் போடு. அங்கே குளிர் குறைந்ததா? இங்கே நாங்கள் சௌகரியம்.

வாலு இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டிலேயே கணினி முன்னால் பாடம். பெற்றோர் குழுவில் பிள்ளை பிடிக்கிற வெள்ளை வேன் ஏதோ சுற்றுகிறது என்று யாரோ எழுதினார்கள். அதை ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்ப, பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்ப, அத்தானுக்கு மட்டும் பதினேழு தடவை வந்தது. எண்ணிச் சொன்னார். பள்ளி முதல்வரே அப்படி எதுவும் இல்லை என்று எழுதினார். "இல்லைன்னு ஏன் எழுதுறாங்க? ஏதோ இருக்கப்போய்த்தானே?" என்கிறார். அவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், செவ்வாய் மட்டும் ஆபீஸ்.

போன செவ்வாய் ஒரு கூத்து. கடைக்கு விடுமுறை, நானும் வாலுவும் வீட்டில். மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மேல் மாடிக்காரர்கள் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்களாம். புகை படிக்கட்டு வழியாக இறங்கி எங்கள் கதவடியில் நுழைந்தது. எல்லாரும் தடதடவென்று இறங்கி ஓடுகிற சத்தம். அத்தானுக்குப் போன் பண்ணினேன். "படிக்கட்டுல யார் யாரோ ஓடுவாங்க, குழந்தையை அந்தக் கூட்டத்துல விட முடியாது. அங்கேயே இருங்க, வந்துட்டேன்" என்றார். துண்டை நனைத்துக் கதவடியில் அடைத்தோம். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தரையில் படுத்து விடுகதை போட்டோம். வாலு எட்டு விடுகதை சொன்னாள், எல்லாவற்றுக்கும் விடை யானை. முக்கால் மணி நேரத்தில் அத்தான் வந்து வெளியேயிருந்து எண்ணை அழுத்தித் திறந்தார். புகையும் அதற்குள் அடங்கிவிட்டது. சிரிப்பாக இல்லை?

உன் விடுமுறை எப்போது? சும்மா கேட்கிறேன்.

அக்கா

---

பிப்ரவரி 17

அக்கா,

சிரிப்பாக இல்லை.

இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் கடிதத்தை வேலை இடத்தில் படித்தேன். கையிலிருந்த திருப்புளி நழுவிக் கீழே ஒருவன் தலைக்கவசத்தில் விழுந்தது. அவன் கத்தினான்.

கரண்ட் போனால் காந்தம் விட வேண்டும். விடவில்லை. அப்படியென்றால் பேட்டரி. பட்டனை அழுத்தியிருந்தால் திறந்திருக்கும். நீ அழுத்தாமல் இருக்க மாட்டாய். அப்படியென்றால் ஒயர். கரண்ட் இல்லாமல் வைஃபை இல்லை, அத்தான் நினைத்தாலும் தன் போனிலிருந்து திறந்திருக்க முடியாது. புகைக்குள் முக்கால் மணி நேரம் நீங்கள் கிடந்தது நான் மாட்டிய பூட்டால், நான் சொன்ன யோசனையால்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது. பட்டன் செத்துத்தான் இருக்கிறதா? வெளி எண் உனக்குத் தெரியுமா? அவர் திறக்காமல் நீ வெளியே போக முடியுமா?

யானை, கூத்து, தபால்காரர் எல்லாம் வேண்டாம். மூன்று வார்த்தை போதும்.

தம்பி

---

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ சாப்பிடாமல் இருப்பதால் இங்கே எந்தக் கதவும் திறக்கப்போவதில்லை. முதலில் சாப்பிடு.

உன் கடிதத்தை லென்ஸ் தேய்க்கிற அறையில் படித்தேன். படித்துவிட்டுக் கிழித்து, கண்ணாடித் தூள் போகிற வாளியில் போட்டேன்.

அத்தானைப் பற்றி நீ தப்பாக நினைக்கக்கூடாது. அவர் எங்களை ஒரு சொல் அதட்டியதில்லை. வாலு ஐந்து வயதில் அந்தப் பெரிய அங்காடியில் நாற்பது நிமிடம் காணாமல் போனாளே, நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய். அவள் கையை விட்டவர் அவர்தான். போன் வந்தது, எடுத்தார், கீழே பார்த்தார், கை காலியாக இருந்தது. செருப்புக் கடைப் பெண் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். வாலு ஐஸ்கிரீம் கேட்டு அழுதாள், அவ்வளவுதான். அத்தான் மட்டும் அந்த நாற்பதாவது நிமிடத்திலேயே நின்றுவிட்டார். அவர் வேலையும் அப்படி. காப்பீட்டு ஆபீஸில் நாள் முழுக்க விபத்துப் படங்களைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர். சாயங்காலம் எங்களைப் பார்க்கிறபோதும் அதே கண்.

நீ கேட்ட மூன்றுக்கும் பதில் உனக்கே தெரியும். தெரிந்துகொண்டு ஏன் என்னை எழுதச் சொல்கிறாய்?

நான் போனில் என்ன தட்டினாலும் அவர் போனில் தெரிகிறது. நீதான் அப்படி வைத்துக் கொடுத்தாய். காலையில் கதவைத் திறந்து என்னைக் கடைக்கு அனுப்புகிறார். வாலு அவரோடு இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு நான் எங்கே போய்விடப் போகிறேன்?

எனக்கு அதுகூடப் பெரிதில்லை. முன்பெல்லாம் வாலு, "அம்மா, கீழே போலாமா, கீழே போலாமா" என்று உயிரை எடுப்பாள். பன்னிரண்டு நாளாகக் கேட்கவில்லை. நேற்று, பால்கனிக்குப் போகட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "வெளியே நிறையப் பேர் இருக்காங்கம்மா" என்று உள்ளே வந்துவிட்டாள்.

முட்டி எப்படி இருக்கிறது?

அக்கா

---

மார்ச் 12

அக்கா,

முட்டி நாசமாகப் போகட்டும்.

விடுமுறை கேட்டேன். நான் வேலை பார்க்கிற ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தியிருக்கிறார்கள், எங்களுக்கு இரட்டை வேலை, மே நடுவில்தான் விடுவோம் என்கிறார்கள். உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போன் பண்ணினேன். "புருஷன் பொண்டாட்டி குழந்தை, எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்காங்க. சரி. புகார் என்ன?" என்று கேட்டார்கள். பூட்டை விளக்கினேன். "நல்ல பூட்டா இருக்கே, எங்க கிடைக்கும்?" என்றார் ஒருவர்.

அதனால் நீயே செய். பச்சைப் பட்டனின் தகட்டில் மேலே ஒரு ஸ்குரூ, கீழே ஒரு ஸ்குரூ. கண்ணாடிச் சட்டம் கழற்றுகிற உன் திருப்புளியே போதும். தகட்டை எடுத்தால் உள்ளே இரண்டு ஒயர் தொங்கும், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். செம்பு தெரிகிற முனை இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கு. ஷாக் அடிக்காது, பயப்படாதே. காந்தம் உடனே விடும். கீழே படம் வரைந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவர் ஆபீஸ் போனதும் செய். போனையும் வாலுவின் கைக்கடிகாரத்தையும் வீட்டிலேயே வைத்துவிடு. கண்ணாடிக் கடை முதலாளியம்மா வீட்டுக்குப் போ.

கூரைக்குள் தவழ்ந்துகொண்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இவ்வளவுதான் எனக்கு மன்னிப்புக் கேட்க வரும்.

தம்பி

---

ஏப்ரல் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் ஆரோக்கியம். உன் உடல்நலம் பற்றி உன் அக்கா அடிக்கடி விசாரிக்கிறாள். முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

உன் அக்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைப்படுகிறது. இனிமேல் வேலைக்கு வர மாட்டாள் என்று சொல்ல நான் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். முதலாளியம்மா, "அவங்களுக்கு ஒரு தபால் வந்திருக்கு" என்று கொடுத்தார். நல்ல மனிதர். உன் மார்ச் 12 கடிதம்.

எனக்குக் கோபம் இல்லை. நீ இன்னும் தகப்பன் ஆகவில்லை, ஆனால் புரியும். பிள்ளையின் கை உன் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடப்பாய், அது அங்கே இருக்காது. அன்றைக்குத் தெரியும்.

நீ வரைந்த படம் மிகத் தெளிவாக இருந்தது. வெள்ளை, நீலம் இரண்டையும் சுவருக்குள்ளேயே நறுக்கிப் பூசிவிட்டேன்.

உன்னிடம் ஓர் உதவி. பேட்டரி பத்து நாளாகப் பக்கவாட்டில் உப்பிக்கொண்டிருக்கிறது. தொட்டால் சூடு. எதனால்? மின்சாரக் கடையில் கேட்டால் ஆள் அனுப்புகிறோம் என்கிறார்கள். தெரியாத ஆளை வீட்டுக்குள் விட எனக்கு விருப்பமில்லை. நம் குடும்பத்திலேயே தெரிந்தவன் நீ இருக்கிறாய். தபாலிலேயே எழுது, இனி வீட்டு முகவரிக்கு. போனில் உனக்குக் கோபம் வந்துவிடும்.

வாலு உன்னை விசாரித்தாள். அவளும் நானும் சேர்ந்துதான் உன் படத்தைப் பார்த்தோம்.

அன்புடன்,
அத்தான்

---

ஏப்ரல் 11

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், முட்டி பரவாயில்லை. தாங்களும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

முதலில் மன்னிப்பு. என் மார்ச் கடிதத்தை ஒரு சின்னப் பையனின் உளறல் என்று மறந்துவிடுங்கள். தொலைவில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. வீட்டை நடத்துகிறவர் நீங்கள்.

பேட்டரி விஷயம் தள்ளிப்போடக் கூடாதது. உப்பிய பேட்டரி வெடிக்கும், வெடித்தால் அமிலம் தெறித்துத் தீப்பிடிக்கும். இப்படிப்பட்ட படங்கள் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும், நான் விவரிக்க வேண்டியதில்லை. வாலு அதற்கு எவ்வளவு பக்கத்தில் தூங்குகிறாள் என்று அளந்து பாருங்கள். கடிதம் கிடைத்த அன்றே சிவப்பு, கறுப்பு ஒயர் இரண்டையும் கழற்றிப் பேட்டரியை வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள். கடையில் கிடைப்பதை வாங்கிப் போட வேண்டாம், அதுவும் உப்பும். இதற்கென்றே உள்ள பேட்டரியை நான் இங்கிருந்து அனுப்பி வைக்கிறேன். கப்பலில் வரும், மூன்று வாரம் ஆகலாம்.

அதுவரை பூட்டு நேர் கரண்டில் குறையில்லாமல் வேலை செய்யும். ஒரே ஒரு எச்சரிக்கை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற மெயின் சுவிட்சை யாரும் தொடக்கூடாது. பேட்டரி இல்லாதபோது அதைக் கீழே இறக்கினால் காந்தம் அந்த நொடியே விட்டு, கதவு திறந்துகொள்ளும். அக்காவுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. விளையாட்டாக வாலு தொட்டாலும் தொடுவாள். அதனால் இரண்டு பேரையும் உட்காரவைத்து, இந்த இடத்தை வாசித்தே காட்டிவிடுங்கள்.

அக்காவை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மச்சான்

---

ஏப்ரல் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அனைவரும் சுகம். உன் கடிதம் பார்த்து மனம் லேசானது. வளர்ந்துவிட்டாய்.

பேட்டரியைக் கழற்றி, மணல் வாளியில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அதை எடுத்த இடத்தில் சுவர் கறுத்திருந்தது. வாலுவின் கட்டிலுக்கு இரண்டே கால் அடி. அளந்தேன்.

நீ சொன்னபடி இருவரையும் உட்காரவைத்து வாசித்தேன். வாலு, "மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது, தொட்டா கதவு திறந்துடும்" என்று மூன்று முறை மனப்பாடமாகச் சொன்னாள். உன் அக்கா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அன்று தலையை நிமிர்த்தி, "தம்பியா எழுதினான்? இவ்வளவு மரியாதையாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்று கையெழுத்தைக் காட்டினேன். வாங்கி, தானே ஒரு முறை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். பேட்டரி வரும்வரை வாசலை விட்டு நகரப்போவதில்லை. சீக்கிரம் அனுப்பு.

அத்தான்

---

ஏப்ரல் 30

தம்பி,

இரண்டு பேருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தில் முகவரி இல்லை, தேடாதே. உறையின் முத்திரையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, வேறு ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து நாள் காத்திருந்தேன். நாற்காலியை வாசலில் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் காலை குளிக்கப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் சுவிட்சை இறக்கினேன். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றது. வீடே மூச்சை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. கதவு தானாக ஒரு விரல் அளவு விலகியது. குளியலறையிலிருந்து, "கரண்ட் போயிடுச்சா?" என்றார். "ஆமாங்க, எல்லா வீட்லயும் போயிடுச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வாலு வர மாட்டேன் என்றுவிட்டாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா தொடக்கூடாதுன்னாங்க, வெளியே ஆள் இருக்காங்க, அப்பா" என்று அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். என் பிள்ளையின் வாயை நானே பொத்தினேன். என் போனையும் அவள் கைக்கடிகாரத்தையும் போட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். எட்டு வயதுப் பிள்ளை, தம்பி. என் உள்ளங்கையைக் கடித்துவிட்டாள். புதிதாக முளைக்கிற பல்.

பேருந்தில் ஏறிய பிறகும் அவள் வாயிலிருந்து கையை எடுக்கப் பயமாக இருந்தது.

எங்களை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அன்பு காட்டிய ஒருவரிடமிருந்து திருடியைப் போல ஓடிவந்திருக்கிறேன். வாலு ஜன்னலில் திரை போட்டால்தான் தூங்குகிறாள். கதவைப் பூட்டிவிட்டாயா, பூட்டிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பூட்டிவிட்டேன் என்கிறேன். அவருக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம் என்று நீ சொல்.

அவர் உன்னைக் கேட்பார். எங்கே என்று உனக்குத் தெரியாது. அதனால் நீ பொய் சொல்ல வேண்டியிருக்காது.

அக்கா

---

மே 9

அத்தான்,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ தெரியாது. நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நாலு நாளில் முப்பத்தொரு முறை கூப்பிட்டிருக்கிறீர்கள். எடுக்காததற்குக் காரணம், எடுத்தால் கத்துவேன். எழுதினால் ஒழுங்காக வரும்.

பேட்டரி வராது. நான் அனுப்பவே இல்லை. மெயின் சுவிட்ச் பற்றி எழுதியது உங்களை எச்சரிக்க அல்ல, அவளுக்குத் தெரிவிக்க. நீங்களே உட்காரவைத்து வாசிப்பீர்கள் என்று தெரிந்து எழுதினேன். கதவைத் திறந்தது அக்கா இல்லை, நான்தான். கோபப்படுவதென்றால் என் மேல் படுங்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

உங்கள் பயத்தை வைத்தே உங்களை ஏமாற்றினேன். கோப்பில் உள்ள படங்களை நினைவூட்டியபோது என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன். மறுபடி செய்ய வேண்டியிருந்தால் மறுபடி செய்வேன்.

ஒரு விஷயம் என்னை இங்கே உட்காரவிடவில்லை. பட்டன் ஒயரை நறுக்கிப் பூசிவிட்டீர்கள். மெயின் சுவிட்சை ஏற்றியதும் கதவு மறுபடி பிடித்திருக்கும். இப்போது உள்ளே இருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்கள் போன் செத்துவிட்டால், அந்தச் சுவிட்சை இறக்காமல் கதவு உங்களுக்கும் திறக்காது. வீட்டிலிருந்தும் வேலை பார்க்கவில்லை என்று உங்கள் ஆபீஸில் சொன்னார்கள். ஐந்து நாளாக ஆளைப் பார்க்கவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். நேற்றிலிருந்து உங்கள் அழைப்பும் நின்றுவிட்டது. நான் ஆறு முறை கூப்பிட்டேன், மணி அடிக்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்தால், போய் அந்த மெயின் சுவிட்சைக் கீழே இறக்குங்கள். இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, கதவைத் திறந்து போட்டு உட்காருங்கள். கடிதம் கிடைக்கும் முன்பே நான் வந்தாலும் வந்துவிடுவேன். ஆலை எக்கேடோ கெடட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை கிளம்புகிறேன். கீழ்வீட்டுக்காரரிடம் இப்போதே போய்க் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன்.

சற்று முன் அவர் போன் பண்ணினார். தட்டினாராம். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டதாம். நீங்கள், "யார் அது?" என்று மட்டும் கேட்டீர்களாம்.

மச்சான்